ஐந்து நட்சத்திரப் பம்ப்

மாலை 6.07. அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. என் மகள் தர்ஷினி.

"ம்மா, பின் டயர்ல காத்து இறங்கிப் போச்சு. ஷா ஆலம் தாண்டி மோட்டார் லேன்ல நிக்கிறேன்."

அவளுக்கு இருபத்து நான்கு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறாள். நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டாருக்கென்றே இருக்கும் அந்தக் குறுகலான பாதை உங்களுக்குத் தெரியும். கார் நுழைய முடியாது. ஒதுங்கி நிற்க இடமில்லை. பை பறிப்பவர்களுக்கு மட்டும் எப்படியோ இடமிருக்கிறது.

ஆனாலும் முதல் நிமிடம் நான் பயப்படவில்லை. பெருமைப்பட்டேன்!

"சீட்டுக்கு அடியில பம்ப் இருக்குல்ல? எடுத்து அடி. எதுக்கு வாங்கிக் குடுத்தேன்?"

"அடிக்க முடியலம்மா. ஹோஸ் முனை நீட்டமா இருக்கு. வால்வுல மாட்டப் போனா சக்கரத்து நடுவுல இருக்கிற இரும்பு இடிக்குது."

"நல்லா அழுத்திப் பாரு."

"அழுத்தினா இருக்கிற காத்தும் போகுது லா! போன்ல ஒன்பது பர்சென்ட்தான் இருக்கு. வெக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

அந்த பம்பை நான் சும்மா வாங்கவில்லை. மூன்று வாரம் தேடினேன். பேட்டரி உள்ளேயே இருக்க வேண்டும், ஏனென்றால் காரில் செருகும் வயர் மோட்டாருக்கு ஆகாது. உள்ளங்கை அளவில் இருக்க வேண்டும். அழுத்தம் காட்டும் திரை வேண்டும். டார்ச் லைட் வேண்டும். எல்லாம் இருந்தது. விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே காற்றடித்தாள். எதற்கு? காருக்கு! அகலமான கார் டயரில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வில். கீழே மட்டும் கொட்டை எழுத்தில் 'மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்றது'. யாருடைய மோட்டார் சைக்கிளுக்கு? அதை எழுதியவன் சின்ன மோட்டாரின் பின் சக்கரத்தை ஒருமுறையாவது குனிந்து பார்த்திருப்பானா?

காரை எடுத்தேன். வீட்டுக்காரர் காஜாங்கில் வேலை முடிந்து வர எட்டாகும். கம்போங் ஜாவா சிக்னலில் நிற்கும்போது, ஆத்திரத்தில் அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்தேன். எழுதிக் கிழித்துவிடலாம் என்று.

எல்லாம் ஐந்து நட்சத்திரம்.

'பொருள் நல்லபடியா வந்தது. இன்னும் டெஸ்ட் பண்ணல.' ஐந்து நட்சத்திரம். 'பார்க்க அழகா இருக்கு. இன்னும் திறக்கல.' ஐந்து நட்சத்திரம். 'டெலிவரி அண்ணன் ரொம்ப மரியாதை.' அதற்கும் ஐந்து!

டெஸ்ட் பண்ணாமலே எப்படி ஐயா நட்சத்திரம் கொடுக்கிறீர்கள்? உங்களை நம்பித்தானே ஒருத்தி தன் மகளை ரோட்டுக்கு அனுப்புகிறாள் என்று கத்தியேவிட்டேன், காருக்குள் தனியாக. அடுத்த வரியில் என் பெயர் இருந்தது.

'பேக்கிங் சூப்பர். மகளுக்கு வாங்கினேன். இன்னும் யூஸ் பண்ணல.' ஐந்து நட்சத்திரம்.

பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். நியாயம்தான்.

எழுதினால் அடுத்த முறை விலையில் கழிக்கப் புள்ளி கிடைக்கும் என்று எழுதினேன். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே? பம்ப் வந்த அன்று அதைச் சாமி மேடையில் வைத்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். டயரில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. வாசலில்தான் மோட்டார் நின்றது... இரண்டு நிமிட வேலை. முனை வளைந்த சின்ன இணைப்பு ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் பிள்ளையின் மோட்டாரில், இரண்டு சக்கரத்திலும் மாட்டிப் பாருங்கள். நட்சத்திரம் அப்புறம் போடலாம்.

ஷா ஆலம் வரை போய், கிள்ளான் பக்கமாகத் திரும்பி வந்து, அவசர லேனில் காரை நிறுத்தினேன். தெரிந்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அவளுக்கும் பத்தடிகூட இருக்காது. ஆனால் வேலி என் தலைக்கு மேல். ஒவ்வொரு மோட்டாரும் அவளை உரசிக்கொண்டு பறந்தது. ஒவ்வொன்றுக்கும் என் உயிர் ஒருமுறை போய் வந்தது.

"பைய முன்னால மாட்டுடி!"

"மாட்டித்தான்மா இருக்கேன்!"

அப்போது ஒன்று வேகத்தைக் குறைத்தது. அவளுக்குப் பின்னால் நின்றது. கறுப்பு ஜாக்கெட், முகத்தை மூடிய ஹெல்மெட், பெரிய உருவம். இறங்கி, பின்பெட்டியைத் திறந்து நீளமாக ஏதோ ஒரு இரும்பை உருவினான்.

"டேய்! யார்ரா நீ? அவ கிட்ட போகாத! போலீஸக் கூப்பிடுவேன்! நம்பர எடுத்துட்டேன்டா!"

நம்பரும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. வேலியைப் பிடித்து உலுக்கினேன். கை இன்னும் வலிக்கிறது.

அந்த ஆள் என் பக்கம் திரும்பி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். நாற்பது வயதிருக்கும். நம்மவர். கையில் இருந்தது, முனை வளைந்த குழாயோடு ஒரு பழைய சைக்கிள் பம்ப்.

"அக்கா, காத்தடிச்சு முடிச்சிர்றேன். அதுக்கப்புறம் திட்டுங்க லா."