குதிரைக்கு வாங்கிய மாலை

குதிரை படுக்காது, படுத்தால் செத்துவிட்டது என்று பொருள். இப்படி நாற்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். குதிரையையே பார்க்காதவன் நம்பினால் மன்னிக்கலாம். நான் பன்னிரண்டு வருடம் குதிரை வைத்திருந்தவன்.

கல்யாணங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் சாரட்டும் வாடகைக்கு விடுவது என் தொழில். சாரட்டு இழுக்க ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சிமெண்டுத் தரை போட்ட கொட்டகையில் அதன் வாசம். காலையில் போய்ப் பார்ப்பேன், நிற்கும். சாயந்திரம் பார்ப்பேன், நிற்கும். அதை வைத்து நானாக ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்துக்கொண்டேன். சாரட்டில் ஏறப் பயந்து வேர்த்து நிற்கிற மாப்பிள்ளைகளிடம், "இது பொறந்ததுலேருந்து படுத்ததே இல்ல தம்பி, நீ தைரியமா ஏறு" என்பேன். ஏறிவிடுவார்கள். அதில் இரண்டு பேர் சில வருடம் கழித்து மறுபடியும் மாப்பிள்ளையாக வந்து ஏறினார்கள். குதிரை அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் செல்போன் வந்த வருடம் குதிரைக்கு வலது முன்னங்கால் நொண்டத் தொடங்கியது. டாக்டர் வந்து காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே வண்டி கட்டாதீங்க. இந்த சிமெண்டுத் தரையும் ஆவாது" என்று சொல்லிப் போய்விட்டார். என்ன செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார். என்ன செய்வது என்பது என் தலையில் விழுந்தது.

வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். கடற்கரையில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றுவதற்கு வேண்டுமாம். "ஊசி போட்டுட்டா நொண்டுறது தெரியாது சார்" என்றார். குதிரைக்குமா தெரியாது என்று கேட்டேன். அவர் அதை யோசித்ததில்லை போலிருந்தது. அனுப்பிவிட்டேன்.

என் மாமனாருக்கோ சந்தேகமே இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் ரெத்ரேத்து என்கிற ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அதன்பின் முப்பத்தைந்து வருடமாக ஓய்வெடுப்பதை ஒரு உத்தியோகம் போல ஒழுங்காகச் செய்துவருகிறார்.

"அதுக்கும் ரெத்ரேத்து குடுத்துடு மாப்ள. சர்வீஸ் முடிஞ்சிடுச்சி."

"எங்க வச்சிக் குடுக்கறது மாமா?"

"அத நீதான் பாக்கணும். கவர்ன்மான் நீதான."

அரசாங்கம் யோசித்தது. கனகசெட்டிக்குளத்தில் என் நண்பனுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. முழுக்க மணல் தரை. அவன் சரி என்றான். ஆனால் எனக்குப் பயம். பன்னிரண்டு வருடம் பழகின இடத்தை விட்டுக் கொண்டுபோனால் ஏங்கியே செத்துவிட்டால்? "ஒரு நா வச்சிப் பாருங்க. புடிக்கலன்னா திரும்பி இட்டாந்துடுங்க" என்றாள் என் மனைவி. அப்படித்தான் முடிவானது.

மினி லாரியில் வைக்கோல் பரப்பி, காலையிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். நானும், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வைத்திக்குப்பத்து அண்ணனும். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொட்டகை ஓரமாகவே கயிற்றுக் கட்டிலில் தூங்குகிறவர். குதிரை இறங்கியது, மணலை முகர்ந்தது, தோப்பை ஒரு சுற்று நொண்டி வந்தது. பன்னிரண்டு மணிக்கு அண்ணனும் நண்பனும் புல்லு வாங்கப் போனார்கள். நான் காவல்.

அவர்கள் போய் ஐந்து நிமிடம் இருக்கும். குதிரை முன்னங்கால் இரண்டையும் மடக்கியது. பின்புறம் சாய்ந்தது. தொப்பென்று மணலில் விழுந்து, நாலு காலையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டது.

அவர்களைக் கூப்பிடலாமென்றால், அண்ணனிடம் செல்போன் கிடையாது. நண்பன் தன் போனைத் தோப்பில் கிடந்த கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வீட்டுக்குத்தான் அடித்தேன்.

"படுத்துடுச்சி" என்றேன்.

"படுத்தா படுக்கட்டும்" என்றாள் மனைவி.

"குதிர படுத்தா என்னா அர்த்தம்னு தெரியாதா ஒனக்கு? செத்துப்போச்சி. நாந்தான் கொண்டாந்து சாவடிச்சிட்டேன்."

"மூச்சு வருதா? மூக்குகிட்ட கைய வச்சிப் பாத்தீங்களா?"

"எப்பிடி வைக்கறது? ஒதச்சிடுச்சின்னா?"

மறுமுனையில் அவள் மாமாவிடம் விஷயத்தைச் சொல்வது கேட்டது. அப்புறம், "அப்பா கெளம்பறாரு" என்றாள்.

செத்த குதிரையிடம் உதை வாங்கப் பயந்து பத்தடி தள்ளி நின்றேன். பிறகு பார்க்கச் சகிக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடத்தில் அதனிடம் நான் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசினதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஏய், நவுரு" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. அழுதேனா என்று மனைவி பிற்பாடு கேட்டாள். கடற்காற்று, கண்ணில் மணல் என்று சொல்லிவைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. எங்கள் ஊரில் பழைய சொல்தா யாராவது இறந்தால் மற்ற சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டுதான் போவார்கள். மாமாவும் அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு, மார்பில் மூன்று மெடல், கையில் ஆளுயரச் சாமந்தி மாலை. விறைப்பாக நடந்து வந்தவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"மாப்ள, செத்தது எது?"

திரும்பினேன். குதிரை எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் மணல். மாமாவின் கையைப் பார்த்தது, நொண்டிக்கொண்டே கிட்ட வந்தது, மாலையின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல ஆரம்பித்தது. மாமா மறுமுனையை விடவில்லை. "வழியில ஆட்டோவ நிறுத்தி அதுக்காகத்தான் வாங்கினு வந்தது. தின்னட்டும், தின்னட்டும்" என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்.

நண்பனோடு புல்லுக்கட்டு சுமந்து வந்த அண்ணன், மெடலையும் மாலையையும் என் முகத்தையும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"படுத்துச்சா? அப்ப எடம் புடிச்சிப்போச்சி. பயம் இருந்தா நின்னுகினே இருக்கும்" என்றார்.

"இதுக்கு முன்னாடி படுத்திருக்கா?"

"தெனம் ராத்திரி கொஞ்ச நேரம் படுக்கும். நீங்கதான் தூங்கிடுவீங்களே."

"பன்னண்டு வருஷமா இத ஏண்ணே சொல்லல?"

"மாப்ளைங்ககிட்ட, படுத்ததே இல்ல படுத்ததே இல்லன்னு விட்டுகினு இருந்தீங்க. யாவாரத்துக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

மாமா கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நண்பனிடம் இளநீர் கேட்டார். குதிரையைத் திரும்ப ஏற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மினி லாரியில் வைக்கோல் மேல் நானும் மாமாவும் உட்கார்ந்து வீடு வந்தோம். அண்ணன் பழக்கிவிடுவதற்காக ஒரு வாரம் தோப்பிலேயே தங்கினார்.

அதற்குப் பிறகு அது ஆறு வருடம் அங்கே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் பெரும்பாலும் மணலில் படுத்துத்தான் இருக்கும். அன்று நடந்ததும் அதுதான். குதிரைக்குத் தூக்கம் வந்தது, படுத்தது, எழுந்தது.