மெல்லிய முகிலின் உயரம்

நேற்று மத்தியானம் நெளுக்குளத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். வானம் முழுக்க மெல்லிய வெள்ளை முகில். கைபேசியில் மழை வருமா என்று காட்டும் படத்தைப் பார்த்தேன், பைக்குள் வைத்தேன், திரும்பவும் எடுத்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து கருவாடு பொரிக்கும் மணம் வந்தது. அதன்பிறகு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த மணம் என்றாலே எனக்கு ஸ்ரெல்லாதான். வவுனியாவில் ஒரு சின்ன வானிலை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுத்த கதிரையில் இருந்தவள். முல்லைத்தீவுக் கரைக்காரி. கணவர் அன்ரன் கடலுக்குப் போகிறவர். அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அறை முழுவதற்கும் பசிக்கும்.

முகிலின் உயரத்தைக் கணிப்பது என் வேலை. முகிலிலிருந்து வரும் வெப்பத்தை வானத்தில் சுற்றும் செய்மதி அளந்து அனுப்பும். மேலே போகப் போகக் குளிர் கூடும் அல்லவா, எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம். அட்டவணையில் விரலை வைத்தால் விடை. சட்டைப்பையில் கல்குலேட்டரோடு நான் திரிந்த விதத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

ஒருநாள் காலை முல்லைத்தீவுக் கடலுக்கு மேலே இப்படித்தான் ஒரு முகில். ஏழு கிலோமீற்றர் என்று எழுதினேன். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்ரெல்லா குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"இது மெல்லிசு. கடலின்ரை சூடும் இதுக்குள்ளாலை வருது. அதுதான் உயரத்தைக் குறைச்சுக் காட்டுது. உண்மையிலை இரட்டி உயரம் இருக்கும்."

அப்படியென்றால் கிழக்கே எங்கோ பெரிய இடிமுகில் வளர்கிறது, அதன் உச்சிதான் காற்றில் பரவி வந்திருக்கிறது என்று பொருள். அட்டவணை பிழைக்காது என்றேன். அந்த நேரம் பார்த்து அன்ரன் கரையிலிருந்து அழைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"போகலாமாம்," என்றாள் தொலைபேசியில்.

பதினொரு மணிப் படத்தில் கிழக்கே கட்டியாக ஒரு முகில் எழும்பியிருந்தது. அன்ரனின் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. நான் யன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னேரம் நாலரைக்கு அவர் அழைத்தார். வலைகளை வெட்டிக் கடலில் விட்டுவிட்டுத்தான் கரை சேர்ந்திருக்கிறார்.

"ஆள் வந்திட்டார்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரெல்லா பஸ்ஸுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை திரும்பி வந்தவள் வழமைபோலச் சாப்பாட்டைப் பகிர்ந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு என் கணக்கைக் கேட்டு அன்ரனுக்கு ஒன்றும் சொன்னதில்லை. அவள் மாற்றலாகிப் போகும்வரை நானும் 'என்ரை பிழை' என்று சொல்லவில்லை.

இப்போது மெல்லிய முகிலுக்கும் சேர்த்துக் கணினியே உயரத்தைக் கணித்துவிடுகிறது. அந்த அறை களஞ்சியமாகிவிட்டது. நேற்று அந்த முகிலுக்குக் கீழே நின்று, பழைய கொப்பியிலிருந்து எடுத்துவைத்திருந்த ஸ்ரெல்லாவின் இலக்கத்தை அழைத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லையாம்.