சிவப்புப் பக்கம் மேலே

அந்தப் பிள்ளை எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணை, சிவப்பு ரேப் சுத்தின பக்கம் எப்பவும் மேல இருக்கோணும். என்ன நடந்தாலும்."

ஓம் என்றேன். மச்சானும் ஓம் என்றான். மச்சான் என்றது என் மனிசியின் தம்பியை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய காலம் அது. நாங்கள் இரண்டு பேரும் குழாய்க்கிணறு அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்களைக் கூப்பிட்டவா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண்பிள்ளை. துணுக்காய்ப் பக்கம் வற்றிக் கிடந்த குளமொன்றின் சேற்றுக்குள் ஆள் உயரக் குழாயை இறக்கி, சேற்றோடு அப்படியே இழுத்துத் தரவேண்டும். அதுதான் வேலை. சேறு எதற்கென்று நான் கேட்கவில்லை. மச்சான் கேட்டான்.

"என்ன தங்கச்சி, பூக்கண்டு வைக்கவோ?"

"இல்லை அண்ணை, வாசிக்க."

இதுக்கு மண்டை தட்டிவிட்டுது என்று மச்சான் கண்ணால் எனக்குச் சொன்னான்.

கடைசிக் குழாயை இழுக்கப் பின்னேரமாகிவிட்டது. மேல் நுனியில் அவாவே சிவப்பு ஒட்டு ரேப்பைச் சுற்றினா. அந்த நேரம் குளக்கட்டில் வைத்திருந்த போன் அடித்தது. ஓடிப் போனா. நாங்கள் குழாயை நிமிர்த்திப் பிடித்தபடி முழங்கால் சேற்றுக்குள் நடந்தோம். பாதி வழியில் குழாயின் அடிமூடி இளகி, சேறு வழியத் தொடங்கியது. எண்ணெய்க் கானில் மூடி ஒழுகினால் ஒழுகிற பக்கத்தை மேலே திருப்பிப் பிடிப்பது எங்கள் கைப்பழக்கம். யோசிக்கவில்லை. குழாயைத் தலைகீழாகப் புரட்டி மூடியை இறுக்கினேன். திரும்பப் புரட்டினால் இன்னும் ஒழுகும் என்று பயம். பார்த்தால் சிவப்பு கீழே நிற்கிறது.

"மேல இருக்கோணும் எண்டவா," என்றான் மச்சான்.

ரேப்பைக் கழற்றி மேல் பக்கத்தில் சுற்றினேன். சொன்னபடி சிவப்பு மேலே வந்துவிட்டது.

குளக்கட்டில் அவா அழுத கண்ணோடு நின்றா. தகப்பனுக்கு நோய் கடுமை என்று போன் வந்ததாம். அந்த நிலையிலும் குனிந்து ரேப்பைப் பார்த்தா. திரும்பவும் ஒருக்கால் குனிந்து பார்த்துவிட்டு, குழாயில் பேனையால் மேல், கீழ் என்று எழுதினா. பிறகு வான் வண்டியில் ஏறிப் போய்விட்டா. நானும் அதை மறந்துவிட்டேன்.

போன மாசம் மல்லாவி நூலகத்தில் ஒரு கூட்டத்தில் ஆட்கள் இருக்க எங்களிடம் வாடகைக்குக் கதிரை கேட்டார்கள். நானும் மச்சானும் என் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். புத்தகம் எழுதிய ஒருவர் கதைக்கப் போகிறாராம். முடியும் வரைக்கும் எங்களுக்கு வேலை இல்லை. கடைசி வரிசையில் இருந்தோம். கதைக்க வந்தவாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. வாயைத் திறந்ததும் குரலை மட்டுக்கட்டிவிட்டேன்.

"அடேய், எங்கட சேத்துப் பிள்ளை," என்றான் மச்சான்.

திரையில் ஒரு படம் போட்டா. நாங்கள் இழுத்த சேறுதான். நீளப்பாட்டுக்குப் பிளந்து வைத்திருந்தது. கோடு கோடாக இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் ஒரு படை மண் கொண்டுவந்து போடுமாம். தடிப்புக் கோடு நல்ல மழை. மெல்லிய கோடு வரட்சி. கறுப்புக் கோடு காடு எரிந்தது. நான் அந்தச் சேற்றுக்குள் எத்தனை தரம் இறங்கியிருப்பேன். மாட்டைக் குளிப்பாட்டியிருக்கிறேன். எனக்கு அது சேறு, அவ்வளவுதான்.

பிறகு இன்னொரு படம். கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று. இரண்டு முனையும் கூர்.

"நெல்லுச் சூடடிக்கேக்க மேலெல்லாம் கடிக்குமெல்லோ, அந்தச் சுணை. நெல்லு உமியில இருக்கிற கண்ணாடி இது. வைக்கல் உக்கிப்போகும். இது உக்காது. இந்தக் குளத்துக்கு மேற்பக்கத்தில ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஆரோ நெல்லு விளைவிச்சிருக்கினம்."

குளத்துக்கு மேற்பக்கம் இப்போது காடு. பகலிலும் யானை நிற்கும். அங்கே வயல் இருந்ததென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் அந்தக் கிழமைதான் நெல் வெட்டி முடித்திருந்தேன். கழுத்து இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. சொறிந்தேன். ஆயிரம் வருசத்துக்கு முந்தியும் ஒருத்தன் அந்தக் காட்டில் நின்று இப்படித்தான் சொறிந்திருப்பான் என்று நினைத்தேன். கையை எடுக்க மறந்துவிட்டேன்.

பிறகு அவா புத்தகத்தை மூடி வைத்தா.

"இனி என்ர பிழையைச் சொல்லுறன். ஒரு குழாயில, அடியில, ஆகப் பழைய மண்ணுக்குள்ள ஒரு நீல நூல் கிடந்தது. யூரியா உரப் பாக் நூல்."

முன்னால் இருந்த ஒருவர், "ராசா காலத்திலயும் மானிய உரம் குடுத்தவையோ?" என்றார். மண்டபம் சிரித்தது. அவாவும் சிரித்தா.

"கன மாசம் மண்டையைப் போட்டு உடைச்சன். கடைசியில மண்ணே சொல்லிச்சுது. அந்தக் குழாய் தலைகீழ். மேல் கீழ் எண்டு நான்தான் மாத்தி எழுதிப்போட்டன். அண்டைக்குத்தான் அப்பாவுக்குக் கடுமை எண்டு தகவல் வந்தது. நான் போய்ச்சேர முந்தி அப்பா போயிட்டார். கடைசிவரைக்கும் நிண்டு எழுதின அந்த ஒண்டும் பிழை. அதை விட்டுட்டு ஓடியிருந்தா அப்பாவைக் கண்டிருப்பன். அதுக்குப் பிறகு ஒரு வருசம் நான் குழாயைத் தொடேல்லை."

அந்த நூல் ஏன் அடியில் கிடந்ததென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண் பிழையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆளைச் சொல்லவில்லை.

மச்சான் என் தொடையை அமத்தினான். "வாயைத் திறவாதை. புத்தகமே அச்சடிச்சிட்டினம். கதிரை ஏத்த வந்தனாங்கள், ஏத்திக்கொண்டு போவம்."

கேள்வி கேட்கச் சொன்னார்கள். எழும்பினேன். மைக்கை என் கையில் தந்தார்கள். நான் அதற்கு முதல் மைக் பிடித்ததில்லை.

"அது நான்," என்றேன்.

அவாவுக்கு விளங்கவில்லை.

"குழாய் பிடிச்ச ஆள் நான். அடிமூடி ஒழுகினது. நான் புரட்டிப்போட்டன். சிவப்பு கீழ வந்திட்டுது. கழட்டி மேல சுத்தினனான்."

"ரேப்பை மாத்தினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. என்ன நடந்தாலும் சிவப்பு மேல இருக்கோணும் எண்டு சொன்னனீங்கள்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவா சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றா.

"அப்ப, அண்ணை, நான் எழுதினது?"

"நீங்கள் சரியாத்தான் எழுதினீங்கள். அழுதுகொண்டு நிண்டும் ரெண்டு தரம் குனிஞ்சு பாத்திட்டு எழுதினீங்கள். நான் பக்கத்தில நிண்டனான்."

அவா தண்ணீர்ப் போத்தலை எடுத்தா, குடிக்காமல் வைத்தா. பிறகு மைக்கில்லாமல், "நன்றி அண்ணை," என்றா. அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்தது. கதிரைகளை அடுக்கி ஏற்றினோம். மச்சான் எண்ணினான்.

"ஒண்டு குறையுது."

வெளியே வேப்பமரத்தடியில் அவா இருந்தா. எங்கள் கதிரையில். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தா.

"அம்மா, அண்டைக்கு நான் பிழை விடேல்லையாம். ஓம் அம்மா. பாத்த ஆள் சொல்லுறார். நான் ரெண்டு தரம் பாத்தனானாம்."

அதையே திரும்பவும் சொன்னா. தாய்க்குக் காது மந்தம் போல.

மச்சான் கதிரையைக் கேட்கப் போக வெளிக்கிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். லாண்ட்மாஸ்டரை நிப்பாட்டிவிட்டு இரண்டு பேரும் பெட்டியில் இருந்தோம். வெயில் தாழும் வரைக்கும் அவா கதைத்தா. நாங்கள் இருந்தோம்.