மிச்சத்துக்கு முகம்

"கடையில இன்னைக்கு..." என்று கணவர் தொடங்குவார். மீதி வாக்கியம் அதற்குள் அக்காவின் உதட்டில் சத்தமில்லாமல் அசைந்து முடிந்திருக்கும். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார். பார்க்கிற விருந்தாளிக்கு முதுகில் எறும்பு ஊறும்.

"இவரு மொத்தமே மூணு விஷயந்தான்," என்பார் அக்கா. "பசி, தூக்கம், கடையில கூட்டம். இது தெரிஞ்சா போதும், அடுத்து என்ன சொல்வாருன்னு சொல்லிடலாம்." மருந்துக்கடைக்காரரான கணவர் அதற்கும் சிரிப்பார். சிரிப்பாரென்பதும் அக்காவுக்குத் தெரிந்ததுதான்.

அக்கா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் கத்தரி அக்கா. அங்கே எஃகு வளையம் ஒன்றுக்குள், அணுக்கள் இணைந்து எரியும் நெருப்பைக் காந்தங்கள் அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. சூரியனின் நடுவயிற்றைவிடச் சூடு. சுவரைத் தொடக் கூடாது. அதன் போக்கை உள்ளது உள்ளபடி கணக்கிட்டால், ஒரு நொடிக் கதையைச் சொல்லப் பெரிய கணினிக்கே வாரக்கணக்கில் ஆகும். நெருப்புக்கு அத்தனை பொறுமை கிடையாது. கண்ணிமைப்பதற்குள் காந்தத்தைத் திருத்தியாக வேண்டும். ஆகவே அக்கா வெட்டுகிறார். ஆயிரக்கணக்கான அளவுகளில் பத்துப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கி எறிகிறார்.

"சந்தையில ஆயிரம் பேரு கத்துவான். விலை வைக்கிறது நாலு பேருதான்."

எறிந்தது சரிதானா என்று பார்க்க, நெருப்பு நடந்துகொண்டதிலிருந்து தன் சுருக்கிய கணக்கு சொன்னதைக் கழிப்பார். மிச்சம் திரையில் மணல் தூவினாற்போல உருவமில்லாமல் கிடந்தால் நிம்மதி. "மிச்சத்துக்கு முகம் இருக்கக் கூடாது. இருந்தா, நாம வெளிய தள்ளினவன் எவனோ திரும்பி வந்து நிக்கிறான்னு அர்த்தம்."

போன மாதம் ஒரு சோதனையின் பாதிக்குப் பிறகு மிச்சமே வரவில்லை. செத்தவன் நாடியைப் போல நேர்கோடு. கூடமே கைதட்டியது, அக்காவும் தட்டினார். பிறகு வளையத்தைத் திறந்தால், உட்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். நெருப்பைப் பார்க்கும் உணரி நடுவழியில் செத்திருக்கிறது. அளவு வராத இடத்தைத் தன் கணிப்பைக் கொண்டே நிரப்பிக்கொள்ளும்படி கணக்கை அமைத்தவர் அக்காதான். அவ்வளவு நேரமும் அந்தக் கணக்கு கண்ணாடியில் தன்னையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது. நெருப்பு தன் வழியே போய்விட்டிருந்தது.

சுவரை மாற்றியாகிவிட்டது. வீட்டிலும் வெகுநாளாக மிச்சம் என்று எதுவும் வந்ததில்லையே என்று அக்காவுக்கு அப்போதுதான் தோன்றியதாம். கணவர் தானாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தது எப்போது? யோசித்துப் பார்த்திருக்கிறார், பிடிபடவில்லை. கணவர் கைகழுவப் போயிருந்த சமயம், விருந்துக்குப் போயிருந்த என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எதிர்ல உட்கார்ந்துதான் சாப்பிடுறாரு. ஆனா அங்க யாரு இருக்கான்னு எனக்குத் தெரியல."

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. காலையிலிருந்து கணவர் வீட்டைவிட்டு நகரவில்லை. கைகழுவித் திரும்பி வந்து உட்கார்ந்தார், தட்டை இழுத்துக்கொண்டார்.

"கடையில இன்னைக்கு..." என்றார்.

அக்காவின் உதடு அசையத் தொடங்கியது. சட்டென்று உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். கணவர், மீதி வாக்கியம் அங்கிருந்துதான் வர வேண்டும் என்பதுபோல், கண்ணிமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை எடுக்கவில்லை.