புத்தகத்துக்கு எக்ஸ்பைரி தேதி

ஆம்பூரில் தோல் முதலாளிகள் சேர்ந்து நடத்திய நூலகத்துக்கு, எண்பதுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முதலில் அதற்கு மரியாதை கிடைத்தது. மின்சாரம் கிடைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஊரே ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த அறைக்குள் மட்டும் யாரும் ஷூ போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஏற்றுமதி செய்கிற முதலாளிகள் ஓட்டை விழுந்த சாக்ஸோடு உள்ளே வந்து, உறை போட்ட பெட்டியைச் சற்று நேரம் தரிசித்துவிட்டுப் போவார்கள்.

நான் அங்கே தற்காலிக உதவியாளன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். கம்ப்யூட்டர் வந்த சேதியை வீட்டில் சொன்னபோது அவர் கேட்டார்.

"அந்தப் பொட்டி இன்னாடா பண்ணும்?"

"எந்த புக்கு எங்க இருக்குன்னு சொல்லும்பா."

"அதுக்குத்தான உன்ன வெச்சிருக்காங்க? அப்ப உன்ன இன்னா பண்ணுவாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் நூலகச் செயலாளரிடம் இருந்தது. பெரிய தோல் முதலாளி. ஒருமுறை இத்தாலி போய் வந்து, பயண நூல் ஒன்று எழுதி, தன் செலவிலேயே அச்சடித்து, ஓர் அலமாரி நிறைய எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "பொங்கல் முடிஞ்சதும் ஆண்டு விழா. மெம்பருங்க தானா வந்து தட்டி, தானா புக்க தேடி எடுக்கணும். அத நான் கண்ணால பாத்தா உனக்கு பர்மனன்ட் ஆர்டர். பாக்கலன்னா வேற வேல தேடிக்கோ" என்றார்.

புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் வேலூர்க்காரர். அங்கே பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த மருந்துக் கடைகளுக்குச் சரக்குக் கணக்குப் புரோகிராம் விற்றுப் பேர் வாங்கியவர். எங்களுக்கும் அதையே தந்திருந்தார். 'மருந்து' என்ற இடத்தில் 'புத்தகம்' என்றும், 'கம்பெனி' என்ற இடத்தில் 'ஆசிரியர்' என்றும் மாற்றியிருந்தார். அதோடு களைத்துப் போய்விட்டார் போலும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எக்ஸ்பைரி தேதி கேட்டது. போடாவிட்டால் அடுத்த வரிக்கு நகராது.

போன் செய்து கேட்டேன். "அது சிஸ்டம் தம்பி. ஏதாச்சும் ஒரு தேதி போடு. புரோகிராம்ல மட்டும் கை வெச்சிடாத" என்றார்.

வருடக் கடைசித் தேதியைப் போட்டேன். எல்லாப் புத்தகத்துக்கும்.

புத்தகங்களுக்கு அவர் நான்கே பிரிவுகள் தந்திருந்தார்: கதை, பக்தி, பொது, இதர. இந்த ஊரில் அதிகம் கேட்கிறவை தோல் பதனிடுதல், சாயம், ஷூ தைக்கும் மிஷின் பற்றிய புத்தகங்கள். அவையெல்லாம் 'இதர'வில் விழுந்தன. அதே இதரவில் சமையலும் சோதிடமும் கோழி வளர்ப்பும் இருந்தன. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற ஒருவர், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தினமும் காலையில் நூலகத்துக்கு வருவார். ஒருநாள் ஒற்றை விரலால் 'லெதர்' என்று தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்பூருக்கு வந்திருக்குது, தோலுன்னா தெரியாதுங்குதே சார்? இது எந்த ஊரு மிஷினு?"

புது வருடம் பிறந்த அன்று காலை எந்தப் புத்தகத்தின் பேரைத் தட்டினாலும் திரையில் இங்கிலீஷில் ஒரே வாசகம் வந்தது: காலாவதியாகிவிட்டது, விற்காதீர்கள். பக்தி நூல்கள் காலாவதி. இலக்கணம் காலாவதி. செயலாளரின் இத்தாலியும் காலாவதி.

விழாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் பிடித்து வேலூருக்குப் போனேன். புரோகிராம்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "இப்ப டயம் இல்ல. மார்ச் போவட்டும், புது வெர்ஷன் தர்றேன்."

"உள்ள எப்படி இருக்குன்னு காட்டுங்க சார், நானே மாத்திக்கிறேன்."

"தம்பி, அது கம்பெனி ரகசியம்."

கம்ப்யூட்டர் வந்ததிலிருந்தே நான் வேலூரில் சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கற்றதை வைத்து, மறுநாள் நூலகத்தில் அந்தக் கோப்பைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ரகசியத்தை அவர் பூட்டக்கூட இல்லை. சாதாரண ஆங்கில எழுத்தில் வரிவரியாக வந்து நின்றது. நடுவில் ஓரிடத்தில் 'சிரப்' என்றுகூட இருந்தது. முதலில் இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு எக்ஸ்பைரி தேதியைக் கேட்கிற, சரிபார்க்கிற வரிகளை நீக்கினேன். பெட்டி வெடிக்கவில்லை. புத்தகங்கள் உயிர் பெற்றன.

தைரியம் வந்துவிட்டதால் நான்கு பிரிவுகளையும் எடுத்துவிட்டேன். புத்தகம் எடுக்கிறவர் தனக்குத் தோன்றிய பிரிவுத் தலைப்பைத் தானே சேர்க்கலாம், அடுத்தவர் அந்தத் தலைப்பைத் தட்டித் தேடலாம் என்று ஆக்கினேன். தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழைத் தட்ட வேண்டும். அதெல்லாம் யாருக்கும் பேஜாராகப் படவில்லை. சாயப் புத்தகத்துக்கு 'கையில கறை போவ' என்று ஒருவர் போட்டார். ஒரு குடும்ப நாவலுக்கு 'மாமியார் படிக்கக் கூடாது' என்று ஓர் அம்மா போட்டார். மறுநாளே அந்த நாவலை அவருடைய மாமியார் எடுத்துக்கொண்டு போனார். கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன்.

ஆண்டு விழாவும் வந்தது. செயலாளர் நாலைந்து முதலாளிகளோடு வந்தார். உறுப்பினர்கள் வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"நவுரு, நான் ஒண்ணு தேடறேன்" என்று உட்கார்ந்து, தன் பெயரைத் தானே தட்டினார். புத்தகம் வந்தது. அதன் கீழே வாசகர் தந்த தலைப்பும் வந்தது. அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"தூக்கம்... வரலைன்னா."

ஒரு முதலாளி இருமினார். என் பர்மனன்ட் ஆர்டர் சாக்ஸ் காலோடு அறையைவிட்டு வெளியேறுவதைப் பார்த்தேன்.

"யார் போட்டது?"

தோல் வெட்டுகிறவர் முன்னால் வந்தார். "நான்தான் சார். நைட் ஷிப்ட் முடிஞ்சு போய்ட்டா பகல்ல தூக்கம் புடிக்காது. உங்க புக்க எடுத்தா ரெண்டே பக்கம் சார். நம்ம தோஸ்துங்களுக்கும் சொன்னேன், எல்லாரும் எடுத்துனு போய்ட்டாங்க. நல்ல புக்கு சார்."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நெஜமா? எவனாவது எடுக்கிறானா?"

"ஷெல்ப்ல ஒரு காப்பிகூட இல்ல சார்."

அவர் யோசித்தார். அலமாரி நிறையக் கொடுத்த நாளிலிருந்து அதில் ஒன்று குறைந்து அவர் பார்த்ததில்லை.

"அப்ப இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லணும்" என்றார், பக்கத்து முதலாளிக்குக் கேட்கும்படி. பிறகு என்னிடம் குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். "ஆனா கண்டவனும் கண்டத எழுதக் கூடாது. பாஸ்வேர்டு போடு."

"போடறேன் சார்."

"எனக்கும் தெரியணும்."

"காதோட சொல்றேன் சார்."

"சொன்னா மறந்துடுவேன்யா. பெருசா எழுதி, பொட்டி மேலயே ஒட்டு."

எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. அதில் என் முதல் கடமை 'பாஸ்வேர்டைப் பாதுகாத்தல்' என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டி உள்ளே போனார்கள். விரல் பட்டு அதன் முனை பெயரும்போதெல்லாம் பசை தடவி, நான் அதைப் பாதுகாத்து வந்தேன்.