வண்டி இருந்தது, ஆள் இல்லை

நகரத்தின் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் தலைமை அலுவலகத்தில் ஆளக்காவுக்கு ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் உண்டு. நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. காலை ஐந்தரைக்கு வருவார், பையை நாற்காலியில் வைப்பார், போனைக் கையில் எடுப்பார். எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்வரை சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசுவார். "ஹலோ, நான்தான். ஒரு ஆள் வேணும்." இந்த ஒரே வரியை ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெயர் வந்தது. அசல் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் உண்டு.

வேலை சொல்வதற்கு எளிது. நகரத்தில் ஏழு நிலையங்கள். ஒன்பது தீயணைப்பு வண்டிகள், ஆறு ஆம்புலன்ஸ்கள். தீயணைப்பு வண்டிக்கு நாலு பேர். ஆம்புலன்ஸுக்கு டிரைவரும் மருத்துவ உதவியாளருமாக இரண்டு பேர். ஆக நாற்பத்தெட்டு. ஒரு நாள் முழுக்க வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று மூன்று குழுக்கள். தினமும் காலை எட்டு மணிக்கு நாற்பத்தெட்டுப் பேர் அவரவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குக் கால் சுளுக்கு, ஒருத்தருடைய மச்சினிக்குக் கல்யாணம். ரிட்டையர் ஆன பதினாறு பேருக்குப் பதில் ஆள் எடுக்கவே இல்லை. எந்தக் காலையிலும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டுதான் தேறும். மீதியை ஆளக்கா பிடித்தாக வேண்டும். ஓய்வில் இருப்பவரை எழுப்ப வேண்டும், அல்லது இருபத்துநாலு மணி நேரம் உழைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவரை வாசலில் மறிக்க வேண்டும்.

அவருடைய நம்பரைப் பார்த்தாலே பாதிப் பேர் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார்கள். மனைவி, "குளிச்சிட்டு இருக்காருங்க" என்பார். "இந்த ஊர்லயே சுத்தமான ஆம்பளைங்க நம்ம ஆளுங்கதான்" என்று ஆளக்கா அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பார். "நான் எப்ப கூப்பிட்டாலும் குளிச்சிட்டேதான் இருக்காங்க."

கேலி செய்வார், ஆனால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்தான். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கனத்த நோயாளியைப் படியில் இறக்கும்போது இடுப்பில் ஏதோ பிசகியது. ஆறு மாதம் படுக்கை. அதன்பிறகு இந்த மேசை. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். வீட்டில் அவர் கணவர் அதை நம்புவதில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவர் நிதானமான மனிதர். "உனக்கு வலி இடுப்புல இல்ல, தலையில. சோறு திங்கும்போதாவது அந்த நாற்பத்தெட்டுப் பேரை வெளியில நிக்க வை" என்பார். ஆளக்கா தட்டோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பார்.

நாற்பத்தெட்டு சேராத நாள்களுக்கு அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது ஓர் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு, தினசரிப் பட்டியலில் அதற்கு நேராகப் 'பழுது' என்று எழுதுவார்கள். ஆள் பற்றாக்குறை என்று எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும். வண்டி பழுது என்றால் வராது. இப்படி எழுதி எழுதி, நகரத்தின் ஆம்புலன்ஸ்கள் எல்லாம் ஓட்டை உடைசல் என்று நகர மன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போன வருஷம் இரண்டு புது வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். மாலை போட்டுப் படமெடுத்தார்கள். அந்த இரண்டையும் ஓட்ட ஓர் ஆள்கூடப் புதிதாக வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆளக்காவிடம் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். மூன்றாம் நிலையத்து ஆம்புலன்ஸுக்கு டிரைவர் வேண்டும். பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டாகிவிட்டது. தீயணைப்பு வண்டியிலிருந்து ஒருவரை உருவலாம். உருவினால், எரிகிற கட்டடத்துக்குள் இரண்டு பேர் போகும்போது அவர்களை இழுத்து வர வெளியே ஆள் இருக்காது. அதை அவர் செய்வதில்லை.

மிச்சம் ஒரே ஒருவர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம் என்பதால் எல்லோரும் ஒட்டடை என்று கூப்பிடும் டிரைவர். தலைமை நிலையத்தில் இரண்டு நாள், நாற்பத்தெட்டு மணி நேரம், தொடர்ந்து வண்டி ஓட்டிவிட்டு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆளக்கா போன் போட்டார்.

"தம்பி, மூணாம் நிலையத்துல..."

"சரிக்கா. வரேன்." சொல் குழறியது.

ஆளக்கா ஜன்னலுக்கு வந்தார். கீழே முற்றத்தில் ஒட்டடை ஒரு பைக்கில் சாவியை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அது அவருடைய பைக் இல்லை. அவருடையது பக்கத்தில் நின்றது, வேறு நிறம். போன மாதம் இதே ஒட்டடை, சிக்னலில் நோயாளியோடு நின்றபோது கண் அயர்ந்துவிட்டதாக ஆளக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஆளக்கா ஜன்னலைத் திறந்து கத்தினார். "தம்பி! வேணாம். நீ வீட்டுக்குப் போ. பஸ்ல போ!"

பிறகு, வண்டி ஓடாமல் மிஞ்சிய மூன்றாம் நிலையத்து உதவியாளரை இன்னொரு நிலையத்துக்கு உதவியாக அனுப்பினார். பட்டியலைச் சரிபார்க்க அதிகாரி வந்தார்.

"மூணாவது நிக்குதா? பழுதுன்னு போட்டுடும்மா."

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். நமக்குத்தான்."

"அது எனக்குத் தெரியாதா? வழக்கமா போடறதைப் போடு."

ஆளக்கா, 'ஆள் இல்லை' என்று எழுதினார். ஏன் அன்றைக்கு என்று பிறகு பலர் கேட்டார்கள். அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சாவி நுழையாமல் தடுமாறியது கண்ணைவிட்டுப் போகவில்லை என்று மட்டும் சொன்னார். அதிகாரிக்கு அப்போது வேறு போன் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு மேல், மூன்றாம் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் கடையிலேயே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கை தொங்கியது. உடனிருந்த மகள் போன் செய்தாள். வண்டி வருகிறது என்றார்கள். நிலையம் பக்கத்தில்தானே என்று அவளே ஓடினாள். தீயணைப்பு வண்டி ஒரு கிடங்குத் தீக்குப் போயிருந்தது. நிலையத்தில் ஈ காக்கை இல்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால், துடைத்து வைத்தாற்போல் புது ஆம்புலன்ஸ் நின்றது. அவள் கதவை உலுக்கினாள், கத்தினாள், கல்லால் தட்டினாள். பிறகு அப்பாவிடம் திரும்பி ஓடினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வேறொரு ஆம்புலன்ஸ் வந்துசேர இருபத்துமூன்று நிமிஷம் ஆயிற்று.

உயிர் தப்பியது. வலது கை எழவில்லை, பேச்சும் தெளியவில்லை.

மறுநாள் அதிகாரி ஆளக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "பழுதுன்னு மாத்திடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஓடற வண்டியை நிறுத்தி வெச்சது நீன்னுதான் இதுல இருக்கு. நாளைக்கு உன் தலையிலதான் விடியும்."

பட்டியலைப் பென்சிலில்தான் எழுதுவது வழக்கம். ஒரு நாளைக்கு நூறு தடவை மாறும். அழிரப்பர் பக்கத்திலேயே இருந்தது. ஆளக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். வீட்டுக்கும் அதோடேயே போனார். அன்று கணவர் உட்காரச் சொல்லவில்லை. அவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் நடந்தார்.

"அந்தப் பையனை அனுப்பியிருந்தா நாலு நிமிஷம்ங்க" என்றார் ஆளக்கா.

"இல்ல, எங்கயாவது கொண்டுபோய் மோதியிருப்பான்."

"மோதாமலும் போயிருப்பான்."



நாலாம் நாள் அந்த மகள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடைச் சீருடையோடு வந்திருந்தாள். மூன்று மேசை மாறி, கடைசியில் ஆளக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"வண்டி ரிப்பேர்னு அந்த ரூம்ல சொல்றாங்க. நான் பார்த்தேன் மேடம். டயர்ல மண்ணுகூட ஒட்டல. என்ன ரிப்பேர்?"

ஆளக்கா பட்டியலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "ரிப்பேர் இல்லம்மா. ஆள் இல்ல."

"யார் எழுதினது இது?"

"நான்தான்."

"யாருமே கிடைக்கலையா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். "ஒரு டிரைவர் இருந்தார். ரெண்டு நாளா தூங்காதவர். வரேன்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன்."

அந்தப் பெண் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "அவர் வந்திருந்தா எங்கப்பாவுக்குக் கை இருந்திருக்குமா?"

"தெரியலம்மா. இருந்திருக்கலாம்."

அழுவாள் என்று நினைத்தார், திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: கடந்த ஒரு வருஷத்தில் ஆள் இல்லாமல் ஆம்புலன்ஸ் நின்ற நாள்கள் எத்தனை? அதிகாரி கோப்பைப் புரட்டினார். அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர எதுவும் இல்லை, மற்றதெல்லாம் பழுது, அறுபத்தொரு நாள் என்றார்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். துறையின் பட்டறைத் தலைவர். வண்டிகள் அடிக்கடி கெட்டுப்போகின்றன என்று வருஷக்கணக்காக ஏச்சு வாங்கியவர். வேறு எதற்கோ அழைக்கப்பட்டு வந்திருந்தார்.

"அறுபத்தொண்ணா? என் பட்டறைக்கு வந்தது ஒன்பது தடவைதான். மத்த நாளெல்லாம் வண்டி எங்க போய்ப் படுத்துக்கிச்சுன்னு எனக்கும் தெரியணும். சும்மா சும்மா என் கையை ஏன் கறையாக்கறீங்க?"

கூடம் கொல்லென்று சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. கூட்டல் கழித்தல் எல்லோருக்கும் தெரியும்.

இருபது பேரை எடுக்க உத்தரவு வந்தது. ஒருவரைத் தொடர்ந்து மூன்றாம் நாள் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்றும் விதி வந்தது. கூடவே ஆளக்காவுக்கு ஒரு மெமோ வந்தது; இயங்கும் நிலையிலிருந்த வண்டியை அனுமதியின்றி நிறுத்தியதற்காக. மூன்று மாதம் பண்டகசாலையில் குழாய்களை எண்ணினார். அந்த மூன்று மாதத்தில் நாற்பத்தெட்டைச் சேர்க்க இரண்டு பேரைப் போட்டும் முடியாமல், அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவரைத் தைத்தது மெமோ இல்லை. விசாரணையில் ஒட்டடையின் கதை வெளியே வந்துவிட்டது. நிலையத்தில் விடலைகள் அவர் முன்னால் குறட்டை விட்டுக் காட்டினார்கள். ஒருநாள் படிக்கட்டில் ஒட்டடை ஆளக்காவை மறித்தார்.

"நான் வரேன்னுதானே சொன்னேன்? எனக்காக நீங்க ஏன் முடிவு பண்ணீங்க? அந்தக் கை விஷயம் இப்ப என் மேலயும் ஏறிடுச்சு. இத்தனை நாள் ஓட்டி ஏறாதது, ஓட்டாம ஏறிடுச்சு."

"தப்புதான் தம்பி" என்றார் ஆளக்கா. எது தப்பு என்று சொல்லவில்லை. ஒட்டடையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சு நின்றது. ஆள் வேண்டுமென்று போன் செய்தால், "ம்" என்பார், வருவார், போவார்.

இருபதில் பதினாலு பேர் தேறி, பயிற்சி முடித்து வந்தார்கள். அவர்கள் சேர்ந்த முதல் காலையில் ஏழு மணிக்கே நாற்பத்தெட்டும் சேர்ந்து, மேலே மூன்று பேர் மிச்சமும் இருந்தார்கள். ஆளக்காவுக்குக் கை ஓடவில்லை. எங்கேயோ தவறு என்று மூன்று தடவை எண்ணினார். நாற்காலியில் இருந்த பையைக் கீழே வைத்துப் பார்த்தார். மறுபடி எடுத்து மேலே வைத்தார். பத்து மணிக்குள் இரண்டு பேர் வயிற்றுவலி என்று லீவு சொன்னதும்தான் மூச்சு வந்தது.

பூட்டுக் கடைக்காரரின் மகளை அவர் அதன்பிறகு சந்திக்கவில்லை. கண்ணாடிக் கடை இருக்கும் தெரு தெரியும். இரண்டு தடவை அந்த முனைவரை போய்த் திரும்பிவிட்டார். போய் என்ன சொல்வது?

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், அறை வாசலில் தலை இடிக்காமல் குனிந்து ஒட்டடை உள்ளே வந்தார்.

"அக்கா, பதினேழாம் தேதி ஒரு நாள் லீவு வேணும். பொண்ணைப் புது ஸ்கூல்ல சேர்க்கணும்."

"போட்டாச்சு" என்றார் ஆளக்கா.

"இன்னும் பட்டியலையே பார்க்கலையே நீங்க!"

"போட்டாச்சுன்னு சொல்றேன்ல. எந்த ஸ்கூல்?"

ஒட்டடை சொன்னார். கொஞ்ச நேரம் நின்று, பீஸ் பற்றி, பிள்ளையின் கணக்கு மார்க் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் ஆளக்கா பட்டியலைப் புரட்டினார். பதினேழாம் தேதி நாற்பத்தேழு. போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார்.