திட்டத் தெரிந்தவர்

குடவாசல் பக்கத்தில் என் வயலுக்கு நடவு ஆட்களைக் கூட்டி வந்தவர் அந்த அம்மாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் சேறு தெறித்து, பொட்டு இரண்டாகியிருந்தது. சற்றைக்கொருதரம் குலவையிட்டார். என்ன சந்தோஷமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்றைப் பறித்தாகிவிட்டது. அன்றைக்கே நடாவிட்டால் வெயிலில் வதங்கிப் போகும். அந்தப் பதற்றத்தில், ரொம்ப ஆழமாக நட்ட ஒரு பெண்ணைப் பார்த்து வரப்பில் நின்றபடி கத்திவிட்டேன். குனிந்திருந்த முதுகுகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. அவள் கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே போட்டாள். எல்லோரும் கரையேறிவிடுவார்களோ என்று அந்த அம்மாளைப் பார்த்தேன்.

அந்த அம்மாள் குலவையிட்டார், முன்னைவிட நீளமாக. பெண்கள் சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தார்கள்.

வரப்போரம் வந்து, "எனக்கு முன்கோவம் ஜாஸ்திண்ணே," என்றார். "ஒரு தடவ கண்டபடி பேசிட்டேன், பாதி நடவுல அத்தன பேரும் போயிட்டாங்க. என் வாயப் பத்தி எனக்குத் தெரியும். அதுலேந்து யாரயாச்சும் திட்டணும்னு வந்தா குலவை போட்டுடுவேன்."

"இப்ப யாரத் திட்டணும்னு வந்துச்சு?"

"உங்களத்தாண்ணே. போயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க."

வயலே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். வெயில் சாய்வதற்குள் கடைசி நாற்றுமுடியும் சேற்றில் இறங்கிவிட்டது.

என்னை அவ்வளவு அழகாக அதற்கு முன் யாரும் திட்டியதில்லை.